அவுட்டுப் பந்து வுழுகற ஊரு

துனிசியாங்கற தேசத்துல, கடலோரத்து ஓட்டலுக்குப் பின்னாடி வரிசையாப் போட்டு வெச்சிருக்கற டென்னிஸ் கோர்ட்டுகள்ல கடைசிக் கோர்ட்டுல, எங்கூரு தரணீதரன் கோட்டுக்கு வெளியே அடிச்ச பந்து அங்கெ வுழுகாம, கடலுக்கு மேல வந்து, பாலைவனத்துக்கு மேல வந்து, இன்னுமொரு கடலுக்கு மேல வந்து, பல்லடத்துக்கு மேக்கால இருக்கற எங்க ஊஞ்சக்காட்டுப்புதூர்ல, அடுப்புல இருந்து எடுத்து அப்பத்தான் ஆற வெச்சிருந்த என்ற தேங்கா பன்னுத் தட்டத்துல பொத்துனு வுழுந்தது ஒரு புதங்கெழமை மத்தியானமுங்க. பச்சையும் மஞ்சளுமாப் புசுபுசுன்னு இருந்துச்சு. வெயில்ல கெடந்த சூடு கையில தெரிஞ்சுது. கிரிக்கெட்டு ஆடற பசங்க வேலைதான்னு நெனச்சு, "எவன்டா அவன்?"னு ரோட்டுக்கு வந்து நாலு பக்கமும் கத்துனேன். ரோட்டுல ஒரு நாயிதான் படுத்திருந்துச்சு, அதுவும் என்ற மூஞ்சியப் பார்த்துட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. நான் உள்ள திரும்பறதுக்குள்ள ரெண்டாவது பந்து வந்து என்ற ஷோகேஸ் கண்ணாடிய ஒடைச்சுப்போட்டுதுங்க.

தரணி ஆருன்னு சொல்லிப்போடறேன். தறிக்காரர் பழனியப்பண்ணனுக்கும் பூவாத்தாளுக்கும் ஒரே பையன். நூல் மில்லு ஆபீசருக ஆடறதுக்குன்னு போட்ட கோர்ட்டு ஒண்ணு எங்கூர்ல இருக்குது. ஆபீசருகளுக்கெல்லாம் தொப்பை வந்து, மூச்சு வாங்கி, ஆட்டத்தை வுட்டுப்போட்டு சீட்டாட்டத்துல உக்காந்துக்கிட்ட காலத்துல, சும்மா கெடந்த அந்தக் கோர்ட்டுல செவுத்தோட ஆடி ஆடிப் பழகுனவன் அவன். இப்ப உலகத்துல ஆயிரத்து எழுநூத்துச் சொச்சமாவது ஆளு. சிரிக்காதீங்க. நீங்க எதுலயாவது உலகத்துல எத்தனாவதுன்னு ஆராச்சும் எழுதி வெச்சிருக்கறாங்களா? நானும் இருவது வருசமா பன்னு போடறேன், என்ற பேரு எந்தப் பட்டியல்லயும் இல்லீங்க.

அந்தப் பட்டியல்ல பேரு இருக்கோணும்னா பெரிய ஆளுக ஆடற போட்டியெல்லாம் வேண்டாம், இந்த மாதிரி கடைக்கோடிப் போட்டிகள்லயாவது ஒரு ஆட்டம் ஜெயிக்கோணும். ஜெயிச்சா ஒரு புள்ளி குடுப்பாங்க. அந்தப் புள்ளியும் ஒரு வருசந்தான் செல்லும், ரொட்டிக்குத் தேதி போடறாப்புல. தேதி போச்சுன்னா பேரையும் எடுத்துப்போடுவாங்க. அந்த ஒத்தப் புள்ளிக்காக அவன் போகாத தேசமில்ல. நாளைக்கு எதிர்ல ஆடப்போறவன்கூடவே ஒரே ரூம்ல தங்கி, கை கழுவற தொட்டியில பனியன் தொவைச்சு, தண்ணி காய வெக்கற கெட்டில்ல அரிசியப் போட்டு வேக வெச்சு, பூவாத்தா குடுத்தனுப்புன பருப்புப் பொடியப் போட்டுத் தின்னுக்கிட்டு, வாரத்துக்கொரு ஊருன்னு சுத்துனான்.

பந்து வுழுந்த அன்னைக்குச் சாயங்காலமே அவன் அம்மாளுக்குப் போன் பண்ணி, "இன்னைக்குத் தோத்துட்டேன்மா, பந்தெல்லாம் வெளிய வெளிய போயிருச்சு"ன்னு சொன்னானாம். பூவாத்தா மடியில பந்தோட வந்து என்ற கடையில நின்னா. அவ ஊட்டுத் தறிச்சாலைக் கூரை மேலயும் அன்னைக்கு டங்கு டங்குனு நாலஞ்சு வுழுந்திருக்குது. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்தோம். "இவன் பந்துதான் அக்கா"ன்னா அவ. "அப்ப கண்ணாடிய ஒடைச்சவன் உன்ற மகன்தான்"னேன் நான். அவ்வளவுதாங்க ஆராய்ச்சி. ஏன் வந்துச்சு, எப்படி வந்துச்சுன்னெல்லாம் என்னைக் கேக்காதீங்க. கோட்டுக்கு வெளிய போன பந்தை ஆரு பார்க்கறாங்க? அடிச்சவன் தலையில அடிச்சுக்குவான், எதிராளி அடுத்த பந்தை எடுக்கப் போயிருவான். ஆரும் பார்க்காத பந்து, அதும்பாட்டுக்கு ஊட்டுக்கு வந்துருச்சு.

அன்னையில இருந்து எங்கூரு அந்தப் பந்துகளோட பொழைக்கப் பழகிக்கிச்சு. வலது கை வீச்சுல நீளமாப் போன பந்து தறிச்சாலைக் கூரை மேல வுழுகும், பின்கை வீச்சுல ஓரமாப் போனது குட்டையில வுழுகும், ரெண்டு சர்வீஸ் போட்டும் உள்ள வுழுகாம கைநழுவிப் போற டபுள் ஃபால்ட் பந்து மட்டும், நேந்து வுட்ட மாதிரி, என்ற பேக்கரி மேலதான் வுழுகும். ஆட்டம் இருக்கற அன்னைக்குக் காலையிலயே பஞ்சாயத்து ஆட்டோவுல மைக் கட்டிக்கிட்டு, "இன்று பிற்பகல் தரணீதரனுக்கு மேட்ச் உள்ளது, பொதுமக்கள் ஹெல்மெட் அணிந்து நடமாடவும்"னு சொல்லிக்கிட்டுப் போவாங்க, வடகம் காயப்போட்டவங்க எடுத்து உள்ள வெப்பாங்க, கல்யாண ஊட்டுக்காரங்க மூர்த்தம் பார்க்கறப்பவே ஜோசியர்கிட்ட, "அன்னைக்கு நம்ம பையனுக்கு ஆட்டமேதும் இல்லைங்களே?"ன்னு கேட்டுக்குவாங்க, பள்ளிக்கூடத்துல பெஞ்சுக் காலுக்கெல்லாம் பந்தை அறுத்துச் செருப்பு மாட்டிவுட்டாங்க, பெஞ்சு இழுத்தா சத்தமே வராது, தையக்காரங்க மெசினுக்கு அடியில வெச்சாங்க, நோம்பி திருவிழாவுக்கு மாட்டுக் கொம்புல சொருகுனாங்க, அன்னன்னைக்கு வுழுகற மொதப் பந்து பிள்ளையாருக்குன்னு ஆயிப்போயி, பூசாரி அதுக்கும் ஒரு பொட்டு வெச்சுப்போடுவாரு. எல்லாத்துக்கும் மேல லோகு இருக்கறானே, எங்கூரு கிரிக்கெட்டு டீம் கேப்டன், அவனுக்கு வந்துச்சுங்க யோகம்! ஊரூருக்குப் போயி டென்னிஸ் பந்துலதான் கிரிக்கெட்டு ஆடுவானுக. மத்த ஊர்க்காரனெல்லாம் தேய்ஞ்ச பந்துல பழகறப்ப, இவனுக நாளுக்கொரு வெளிநாட்டுப் பந்துல பழகி, சுத்துப்பட்டுல இருக்கற கோப்பையெல்லாம் தூக்கிக்கிட்டு வந்துட்டானுக.

எனக்குத்தான் ரோதனை. கண்ணாடி மாட்டுவேன், அவன் எங்கயோ கசகஸ்தான்ல போயி டபுள் ஃபால்ட் போடுவான், கண்ணாடி போயிரும். மறுக்காவும் மாட்டுவேன், மறுக்காவும் போயிரும். கடைசியில கம்பி வலையக் கட்டி வுட்டுட்டேன். வலைக்குள்ள கேக்கு இருந்தா பார்க்கறதுக்குக் கோழிக்கூண்டாட்டம் இருக்குது. வாறவனெல்லாம், "ஏனக்கா, முட்டை பப்ஸ் எல்லாம் நேரடியா உள்ளயே உற்பத்தியா?"ன்னு கிண்டல் பண்றான். கம்முனு தின்னுட்டுப் போடான்னு சொல்லுவேன்.

இத்தனையும் நடந்தும், தரணிக்கு மட்டும் இது தெரியாதுங்க. அது ஊரே ஒட்டுக்காச் சேர்ந்து பண்ணுன முடிவு. பிள்ளையார் கோயில்ல கூட்டம் போட்டப்ப, பழைய தறி மெக்கானிக் நாச்சிமுத்தண்ணன்தான் எந்திரிச்சுச் சொன்னாரு, "தப்பா அடிச்சதெல்லாம் ஊரு பார்க்குதுன்னு தெரிஞ்சா, பையன் பந்தை ஓங்கி அடிக்கறதுக்கே பயந்துக்குவான். ஆரும் வாயத் தொறக்கப்படாது." பந்து வுழுகற எடத்தை வெச்சே ஆட்டம் எந்த நெலமையில இருக்குதுன்னு சொல்லறவரு அவருதான். கெழக்கால திரும்பி, மீசையத் தடவி, "இப்ப ரெண்டாவது செட்டு, பையன் அவசரப்படறான்"ம்பாரு. பாதி நேரம் சரியா இருக்கும். போன்ல ஸ்கோர் பார்க்கலாம்தான், ஆனா அது வந்து சேர்றதுக்குள்ள பந்து வந்துருமுங்க.

பொங்கலுக்குத் தரணி ஊருக்கு வாறான்னா ஊரே பரபரன்னு ஆயிரும். பெஞ்சுக்காலுச் செருப்பைக் கழட்டி, மாட்டுக் கொம்புல இருக்கறதைப் புடுங்கி, கோயில் உண்டியலுக்குப் பின்னாடி குமிச்சு வெச்சிருக்கறதை மூட்டை கட்டி, எல்லாத்தையும் பழனியப்பண்ணன் நூல் குடோன்ல போட்டுப் பூட்டுவோம். அப்படியும் ஒரு தடவ லோகு மறந்துபோயி மைதானத்துல புதுப் பந்தோட நின்னுட்டான். தரணி அதை வாங்கி உருட்டிப் பார்த்துட்டு, "ஏண்டா, நல்ல பந்தா இருக்குதே, நாங்க வெளிநாட்டுல ஆடறது இதே பந்துதான். எங்கடா வாங்குன?"ன்னான்.

லோகு மேல பார்த்தான், கீழ பார்த்தான். "தானா வருதுங்ண்ணா"ன்னான்.

"தானாவா?"

"பார்சல்ல, பார்சல்ல தானா வருதுங்ண்ணா."

அப்பறம் தரணி என்ற கடைக்கு வந்து, கம்பி வலையப் பார்த்து, "கண்ணாடி என்னாச்சுங்க அக்கா?"ன்னு கேட்டான். வெய்யக் காலத்துல காத்து வரட்டும்னு எடுத்துட்டேன் கண்ணுன்னேன். பொங்க மாசத்துக் குளுருல நின்னுக்கிட்டு அவனும் தலையாட்டிக்கிட்டான். ஒரு தேங்கா பன்னைக் கடிச்சுக்கிட்டே, "அங்கெ ஆட்டம் பார்க்க ஒரு சீவன் வராதுங்க அக்கா. கேலரில ரெண்டு பூனை உக்காந்திருக்கும், அதுகளும் பாதியில எந்திரிச்சுப் போயிரும்"னு சொல்லிச் சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரலைங்க. ஊரே அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிக்குதுடா, உன்னாலதான் எங்களுக்குப் பொடனி வலியேன்னு சொல்லோணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. டீயை ஆத்திக் குடுத்துட்டு உள்ள போயிட்டேன்.

அந்தப் பொங்கலுக்குத்தான் பழனியப்பண்ணன் மகன்கிட்ட முடிவாச் சொன்னது. தறிச்சத்தத்துல இருந்து இருந்து அண்ணனுக்குக் காது மந்தம், அதனால அவரு ரகசியம் பேசுனாலே தெருக்கோடிக்குக் கேக்கும். "உன்ற பேரு பட்டியல்ல இருக்கற வரைக்கும் போ, நான் குறுக்க வல்லை. பேரு போயிருச்சுன்னா மட்டையக் கட்டி வெச்சுட்டு வந்து திருப்பூர் கம்பெனில சேர்ந்துக்கோணும்." தரணி சரிங்கப்பான்னான். கையில இருந்தது ஒரே புள்ளி. அதுக்குத் தேதி போறது வாற வைகாசியில.

மாசியும் போச்சு, பங்குனியும் போச்சு, பந்து வுழுந்துக்கிட்டே இருந்துச்சு. கோப்பை மேல கோப்பையா அடுக்கிக்கிட்டிருந்த லோகுவே ஒரு நாளு வந்து, "போதும்ங்க அக்கா, அண்ணன் ஒரு மேட்ச் ஜெயிக்கட்டும், நாங்க பழைய பந்துலயே ஆடிக்கறோம்"னு மூக்கை உறிஞ்சினான். பூவாத்தா மட்டும் ஒண்ணும் சொல்லமாட்டா. பந்து வுழுகறப்ப அவ வெளிய வந்து நின்னதேயில்லை. உள்ள உக்காந்து தறிக்குப் பாவு நூலு முடிஞ்சுக்கிட்டே சத்தத்தை மட்டும் கேட்டுக்குவா. அவளுக்கு மகன் ஊட்டோட வந்து சேர்ந்தாச் சந்தோசம்னு நான் நெனச்சிருந்தேன். கேட்டும்போட்டேன். "போன் பண்ணா நல்லா இருக்கறேம்மான்னுதான் அக்கா சொல்லுவான், காச்சல்ல கெடந்தாலும் அதைத்தான் சொல்லுவான். பந்து பொய் சொல்லாது. பந்து வுழுந்தா, புள்ளை அந்நேரத்துக்கு எங்கயோ காலூனி நிக்கறான், கையத் தூக்கி ஓங்கி அடிக்கறான்னு எனக்குத் தெரியும். இங்க வந்து கம்பெனில கொரலே இல்லாம உக்காந்திருந்தா நான் எதை வெச்சு அக்கா தெரிஞ்சுக்கறது?"ன்னா. ஒரு ரொட்டியக் காயிதத்துல சுத்திக் கையில குடுத்து அனுப்புனேன்.

வைகாசியில அந்த வாரமும் வந்துச்சு. செவ்வாக்கெழமை ஆட்டம், ஜெயிச்சாப் புதுப் புள்ளி, தோத்தா பேரு போயிரும். எதிராளி நம்ம தரணிய முன்னாடியே தோக்கடிச்சவன். ஊருல பாதிப்பேருக்கு நம்பிக்கை இல்லை. ஏன், நானே கண்ணாடிக்காரனை வரச்சொல்லி அளவெடுத்து, அன்னைக்குக் காலையில புதுக் கண்ணாடி கொண்டாந்து சாக்குச் சுத்திச் செவுத்தோட சாய்ச்சு வெச்சாச்சு. பையன் ஊட்டுக்கு வந்துட்டான்னா இனி எவன் ஒடைக்கப்போறான்னுதான். அன்னைக்குப் பார்த்து மின்சாரவாரியத்துல மாசாந்தரப் பராமரிப்புன்னு காலையிலயே கரண்டை நிறுத்திட்டாங்க. தறியெல்லாம் நின்னுபோச்சு. செல்போன் டவருக்கும் பேட்டரி தீர்ந்து, போனெல்லாம் செத்துப்போச்சு. பொறந்ததுல இருந்து தறிச்சத்தத்துலயே கெடந்த ஊரு அன்னைக்கு ஊசி வுழுந்தாக் கேக்கற மாதிரி ஆயிருச்சு. தறிக்காரங்க, நூல் சுத்தறவங்க, பள்ளிக்கூடத்து வாத்தியாருங்க, பூசாரி, எல்லாரும் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு ரோட்டுல வந்து நின்னு வானத்தைப் பார்த்தோம். பூவாத்தாளும் அன்னைக்கு நூலைப் போட்டுட்டு வெளிய வந்தா. என்ற கடையில இருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுபோயி வாசல்ல போட்டேன், உக்காந்துக்கிட்டா.

மொத செட்டுல கொட்டுச்சு பாருங்க. கூரை மேல டங்கு, குட்டையில தொபுக்கு, என்ற கம்பி வலை மேல சடார் சடார்னு. "மொத செட்டு போச்சு"ன்னாரு நாச்சிமுத்தண்ணன். அட கெரகமேன்னு தலையில கை வெச்சுக்கிட்டோம். ரெண்டாவது செட்டுல சித்த கொறஞ்சுது. ஒரு பந்து வுழும், அடுத்தது எப்பன்னு பார்த்துக்கிட்டே இருப்போம், ஒரு டீ குடிக்கற நேரத்துக்கு ஒண்ணும் வராது. "பையன் நிதானத்துக்கு வந்துட்டான்"னாரு அண்ணன். அப்பறம் அதுவும் கொறஞ்சுது. பொழுது மேக்கால சாஞ்சுது, காக்கா ரெண்டு பறந்துச்சுன்னா அதையே பந்துன்னு நெனச்சு ஊரே தலைய மூடிக்கிச்சு. என்ற கடை மேல மூணாவது செட்டுல ஒத்தப் பந்து வுழுகலைங்க. எத்தனை வருசமா என்னைத் திட்ட வெச்ச டபுள் ஃபால்ட்டு, கையி நடுங்கோணும்கற நேரத்துல நடுங்கலை. சாமி, இப்படியே இரு கண்ணு, இப்படியே இருன்னு நான் வாய்வுட்டே சொல்லிக்கிட்டிருந்தேன்.

அப்பத்தான் வந்துச்சு அந்தப் பந்து. கெழக்கால இருந்தும் வல்லை, மேக்கால இருந்தும் வல்லை. நேரா உச்சி வானத்துல கடுகாட்டம் தெரிஞ்சுது. அத்தனை ஒசரத்துல இருந்து அதுக்கு முன்னாடி ஒரு பந்தும் வந்ததில்லை. வருது, வருது, வந்துக்கிட்டே இருக்குது, ஊரே வாயப் பொளந்துக்கிட்டுப் பார்க்குது. பெருசாகி, மஞ்சளாகி, சத்தமே இல்லாம வந்து, ஸ்டூல்ல உக்காந்திருந்த பூவாத்தா மடியில வுழுந்துச்சு. கொழந்தைய எறக்கி வெச்ச மாதிரி பதனமா வுழுந்துச்சுங்க.

அதுக்கப்பறம் ஒரு பந்தும் வல்லை.

நாச்சிமுத்தண்ணன் ஹெல்மெட்டைக் கழட்டுனாரு. "அதான் கடைசி. கடைசிப் பாயிண்டை இத்தனை தூரம் அவுட்டா அடிச்சிருக்கறான். முடிஞ்சுபோச்சு"ன்னு தோள்ல கெடந்த துண்டுல மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டாரு. லோகு ரோட்டுலயே உக்காந்துட்டான். எனக்குப் பொக்குனு போச்சுங்க. செவுத்துல சாய்ச்சு வெச்ச கண்ணாடியப் பார்க்கவே புடிக்கலை. பூவாத்தா அழுகலை, மடியில இருந்த பந்தை ரெண்டு கையிலயும் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தா. "இன்னும் சூடா இருக்குது அக்கா"ன்னு மட்டும் சொன்னா.

அந்நேரத்துக்குக் கரண்டு வந்துச்சு. ஊருல இருக்கற தறியெல்லாம் ஒரே மூச்சுல கடகடன்னு ஓட ஆரம்பிச்சுது. அந்தச் சத்தத்துக்குள்ள பூவாத்தா இடுப்புல சொருகியிருந்த போனு மினுக்கு மினுக்குனு அடிக்குது. எடுத்துக் காதுல வெச்சா, "என்ன சாமி? கேக்கலை சாமி! என்ன?"ன்னு கத்தறா. எங்களுக்கும் ஒண்ணும் கேக்கலை. பழனியப்பண்ணன் பார்த்தாரு. காது கேக்காத மனுசன், பொண்டாட்டி மூஞ்சியப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டாரு. ஓடிப்போயி தன்ற தறிச்சாலை மெயின் சுவிட்சை எறக்கிவுட்டாரு. அதைப் பார்த்துப் பக்கத்துத் தறிக்காரரு எறக்குனாரு, அதைப் பார்த்து அடுத்த தெருவுல எறக்குனாங்க, அப்படியே தெருத்தெருவா நின்னு, கரண்டு இருக்கையிலயே எங்கூரு தறியெல்லாம் நின்னது அந்த ஒரு நாளுதாங்க. பூவாத்தா போன்ல ஸ்பீக்கரைப் போட்டா.

"அம்மா, ஜெயிச்சுட்டேன்மா."

ஊரே போனுக்கு இன்னும் கிட்ட வந்துச்சு.

"கேக்குதாம்மா? ஜெயிச்சுட்டேன். முடிஞ்சதும் என்ன பண்றதுன்னே தெரியலம்மா. கட்டிப்புடிக்க ஆளில்லை, கைதட்ட ஆளில்லை, கேலரில ரெண்டு பூனைதான். மனசு கேக்கலை, பையில இருந்த பந்தை எடுத்து வானத்தைப் பார்த்து என்ற பலத்துக்கெல்லாம் ஓங்கி ஒரே அடி. இன்னும் கீழ வரலைம்மா! அந்த எதிராளிப் பையனும் நின்னு அண்ணாந்து பார்த்தான், வரவேயில்லை. எங்க போச்சுன்னே தெரியல."

பூவாத்தா மடியில இருந்த பந்தைத் தடவிக் குடுத்தா. கண்ணுல தண்ணி அதும்பாட்டுக்குப் போகுது, கொரல்ல மட்டும் ஒண்ணும் காட்டலை. ஊரே அவ வாயப் பார்த்துக்கிட்டு நிக்குது.

"எங்கயாச்சும் பதனமா வந்து வுழுந்திருக்கும் சாமி. நீ மொதல்ல சாப்புடு."

"என்னவாம்?"னு பழனியப்பண்ணன் தெருக்கோடிக்குக் கேக்கற மாதிரி கேட்டாரு. "ஜெயிச்சுட்டானாமுங்க!"ன்னு ஊரே ஒட்டுக்காக் கத்துனோம். அந்தப் பக்கம் தரணி, "ஏம்மா, ஊட்ல என்ன அத்தனை கூட்டம்?"ங்கறான். "ஓரம்பரை வந்திருக்கறாங்க சாமி, நம்ம சொந்தக்காரங்கதான்"ன்னு சொல்லிப் போனை வெச்சா பூவாத்தா. அப்பறம் எங்கிருந்துதான் வந்துச்சோ அந்தச் சத்தம், லோகு நாச்சிமுத்தண்ணனைத் தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டான், அண்ணன் மேல இருந்துக்கிட்டே, "நான் அவுட்டுன்னுதானே சொன்னேன், தோத்தான்னு சொன்னனா?"ன்னு அத்தனை பேர்கிட்டயும் சண்டைக்கு நின்னாரு. நான் கடையில இருந்த தேங்கா பன்னெல்லாத்தையும் தட்டத்தோட ரோட்டுக்குக் கொண்டாந்து வெச்சு, அவங்கவங்க எடுத்துக்கங்கன்னுட்டேன். தறியெல்லாம் மறுக்கா ஓட ஆரம்பிச்சுது. பூவாத்தா அந்தப் பந்தை ஆருக்கும் குடுக்கலை, பிள்ளையாருக்குக்கூடக் குடுக்கலை.

மறுநாள் காலையில கண்ணாடிக்காரன் மாட்டறதுக்கு ஆளோட வந்துட்டான். சாக்கைப் பிரிக்கப் போனவனைக் கையக் காட்டி நிறுத்தி, வண்டியில ஏத்தித் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னேன்.

"ஏனக்கா, அளவு சரியில்லையா?"ன்னான்.

"அளவெல்லாம் சரியாத்தான்டா இருக்குது. அடுத்த வாரம் அவனுக்கு இன்னொரு மேட்ச் இருக்குது."